ஜஸ்ட் ஒரு சின்னத் தலையிடி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

பிள்ளைகள் என்று எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். உங்களில் சிலருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும் என்று தெரியும். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு எல்லோரும் பிள்ளைகள்தான்.

பாடத்திட்டம் எப்படி எழுதுவது, வரவுப் பதிவேட்டை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். தராவிட்டாலும் ஒரு மாதத்தில் பழகிவிடும். நான் எழுதப்போவது, பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த இருபத்திரண்டு வருடத்தில் நான் விட்ட ஆகப் பெரிய பிழையைப் பற்றி. அந்தப் பிழையால் என் மாணவர்களும், மேல்மாடியில் விளையாடிக்கொண்டிருந்த ஒன்பது குழந்தைகளும், நானும் செத்திருக்கலாம். ஒருவரும் சாகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு ஆறுதலாக வாசிக்கலாம். பிழைக்கு நடுவில் இருந்தது ஒரேயொரு ஆங்கிலச் சொல். ஜஸ்ட்.

அப்போது என் வகுப்பு கனடாவில் அஜின்கோர்ட் என்ற இடத்தில், ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் நடந்தது. மாணவர்கள் பதினேழு பேரும் சீனர்கள். ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வயது வரை. பிள்ளைகளோடு இருக்க வந்தவர்கள். ஊரில் கணக்காளராக, தாதியாக, பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரியான கொப்பி இருக்கும். அதில் மூன்று பத்திகள் கோடு போட்டிருப்பார்கள். முதலாவதில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் அதன் பொருள், மூன்றாவதில் அதை உச்சரிக்கும் விதம் சீன எழுத்தில். யாழ்ப்பாணத்தில் நானும் இப்படித்தான் படித்தேன், மூன்றாவது பத்தியில் தமிழ் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

முதல் நாளே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கனடாவில் அதுதான் வழக்கம் என்று சொன்னேன். பதினேழு பேரும் தலையாட்டினார்கள். பிறகு பதினேழு பேரும் சேர்ந்து "ஓகே, டீச்சர்" என்றார்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்திருக்கும். டீச்சர் சொன்னால் சரி என்று நம்புகிற வகுப்பு கிடைப்பது ஒரு வரம் என்று நினைத்தேன். அது வரம் மட்டும் இல்லை என்று பிறகுதான் விளங்கியது.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் திருமதி லின் கையில் தொலைபேசியோடு மேசைக்கு வந்தார். எழுபது வயது, ஒன்றையும் இலேசில் விட்டுக்கொடுக்காத மனுசி. ஜஸ்ட் என்ற சொல்லுக்கு அவருடைய அகராதி ஏழு பொருள் கொடுத்திருந்தது. இப்போதுதான், மட்டும், சரியாக, நீதியான என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. "டீச்சர், விச் ஒன்?" என்று கேட்டார். எது வேண்டும் என்று நான் தெரிவு செய்து தரவேண்டும், மிச்சத்தை அவர் வெட்டிவிடுவார்.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய கடன் ஒன்று இருந்தது.

கனடாவுக்கு வந்த புதிதில், மேசை கதிரை விற்கிற ஒரு தளபாடக் கடையின் தொலைபேசிப் பிரிவில் வேலை செய்தேன். என் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை தேடினாலும் கிடைக்காது. "உங்கள் முகவரியைத் தாருங்கள். உங்கள் இலக்கத்தைச் சொல்லுங்கள்." இப்படித்தான் கேட்பேன். கேட்டவர்களுக்குப் பொலிஸ் நிலையத்தில் இருந்து அழைப்பு வந்ததுபோல இருந்திருக்கிறது. மூன்று கிழமையில் ஆறு முறைப்பாடு. ஏழாவது வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மேற்பார்வையாளர் யமேக்காவில் பிறந்த பெண். பெயரைச் சொன்னால் வெட்கப்படுவார், அதனால் சொல்லவில்லை. அவர் எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பத்து அழைப்புகளைக் கேட்டார். பிறகு ஒரு மஞ்சள் காகிதத் துண்டில் ஒரு சொல்லை எழுதி என் தொலைபேசியில் ஒட்டினார். எதையும் கேட்பதற்கு முன்னால் இதை ஒருதரம் போட்டுக்கொள் என்றார். எனக்கு ஜஸ்ட் உங்கள் முகவரி வேண்டும். ஜஸ்ட் ஒரு கேள்வி. அவ்வளவுதான். முறைப்பாடு நின்றது, வேலை தப்பியது, என் இரண்டு பிள்ளைகளின் பால்மாவும் தப்பியது. அந்த மஞ்சள் துண்டு மடிப்பு மடிப்பாகக் கிழியும்வரை என் பணப்பையில் இருந்தது.

இது நமக்குப் புதிய விசயமும் இல்லை. நம்முடைய ஆட்கள் "சும்மாதான் வந்தனான்" என்று வந்து, தேநீர் குடித்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்து, செருப்புப் போடும்போதுதான் வந்த விசயத்தைச் சொல்வார்கள். அந்தச் சும்மாவின் ஆங்கில உறவுக்காரன்தான் இந்த ஜஸ்ட் என்று நான் விளங்கிக்கொண்டேன். ஆகவே திருமதி லின்னிடம், மிச்ச ஆறையும் வெட்டுங்கள் என்றேன். ஏதாவது கேட்க வேண்டுமா, சொல்ல வேண்டுமா, முன்னால் இதைப் போடுங்கள். எதிரில் நிற்பவரின் முகம் இளகும்.

வீட்டுவேலையும் கொடுத்தேன். ஒவ்வொருவரும் ஓர் இடத்துக்குத் தொலைபேசி எடுத்து அந்தச் சொல்லைப் பாவித்துவிட்டு வரவேண்டும். அடுத்த நாள் வகுப்பு திருவிழா மாதிரி இருந்தது. ஒருவருக்குப் பல் வைத்தியர் இரண்டு நாளில் நேரம் கொடுத்திருந்தார். இன்னொருவரோடு நூலகத்தில் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கதைத்திருந்தார்கள். மீன்கடைக்கு எடுத்துத் திருமதி லின் என்ன கதைத்தாரோ தெரியாது, வாங்கிய மீனோடு தலையும் இலவசமாகக் கிடைத்திருந்தது. அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. காலையில் உள்ளே வரும்போதே "ஜஸ்ட் குட் மோர்னிங், டீச்சர்" என்றார்கள். நான் சிரித்தேன், திருத்தவில்லை. ஒரு சொல் இப்படிப் பற்றிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும் சந்தோஷம் உங்களுக்கும் ஒருநாள் கிடைக்கும்.

இனி குவோ ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தேழு வயது, மெலிந்த உடம்பு, கடைசி வரிசை. வட சீனாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். முதல் நாள் எல்லோரும் தங்கள் தொழிலைச் சொன்னபோது அவர் "பொயிலர்" என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டார். தண்ணீர் கொதிக்க வைத்து நீராவி எடுக்கிற கொதிகலன். நான் அதைப் பலகையில் எழுதி, வகுப்பை மூன்று தரம் சொல்லவைத்து, அடுத்தவருக்குப் போய்விட்டேன். என்னிடமிருந்து தாள் வாங்குவதென்றால் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குவார். ஆனால் ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதற்குப் போடுகிற 'அ' என்ற சின்னச் சொல்லை எந்த வசனத்திலும் போடமாட்டார். அவருடைய கொப்பியில் நான் போட்ட சிவப்புக் கோடுகளை எண்ணினால் அரைவாசி அதற்காகத்தான் இருக்கும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்கால் அளவுக்குப் பனி கொட்டியது. திங்கட்கிழமை காலையில் வண்டி வந்து வாகனத் தரிப்பிடத்துப் பனியை எல்லாம் தள்ளிக் கட்டடத்தின் பின்சுவரோடு குவித்துவிட்டுப் போயிருந்தது. உள்ளே அறை நல்ல வெப்பமாக இருந்தது. இடைவேளைக்குப் பிறகு குவோ ஐயா கையை உயர்த்தினார். அவர் தானாகக் கையை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், ஐ ஜஸ்ட் ஹாவ் லிட்டில் ஹெடேக். ஜஸ்ட் ஹீற்றர்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. முழு வசனமாகப் பேசிவிட்டார், ஜஸ்ட்டையும் சரியான இடத்தில் போட்டுவிட்டார். 'அ' மட்டும்தான் குறை. பேனையின் மூடியைக் கழற்றி, பலகையில் வசனத்தைத் திருத்தி எழுதினேன். ஐ ஜஸ்ட் ஹாவ் அ லிட்டில் ஹெடேக். எல்லோரும் சொல்லுங்கள் என்றேன். பதினேழு பேரும் ஒரே குரலில், எனக்கு ஜஸ்ட் ஒரு சின்னத் தலையிடி என்றார்கள். இன்னொரு தரம் என்றேன். இன்னொரு தரமும் சொன்னார்கள். குவோ ஐயாவும் எழுந்து நின்று சொன்னார். ஹீற்றர் என்று ஏதோ சொன்னாரே என்று நான் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறந்து டீச்சர், நான் சொல்ல வந்தது அதில்லை என்று சொல்லவில்லை. டீச்சர் திருத்திவிட்டார், வசனம் சரியாகிவிட்டது, அதோடு உட்கார வேண்டும். அந்த வயதில் நான் என் ஆங்கில ஆசிரியருக்கு முன்னால் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அன்று மாலை எனக்கும் தலையிடி. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பதினேழு சீனாக்காரரோட காலமையிலயிருந்து கத்திப்போட்டு, தலையிடிக்காமல் உமக்கு வேற என்ன இடிக்கும்?" என்றார். பனடோல் மாத்திரை எடுத்துத் தந்தார். நானும் அதுதான் காரணம் என்று நினைத்துப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் என் தொலைபேசியில் மூன்று செய்திகள். மூன்று மாணவர்கள் தனித்தனியாக அழைத்து, ஜஸ்ட் ஒரு சின்னத் தலையிடி, இன்று வரமுடியாது என்று சொல்லியிருந்தார்கள். மூன்றிலும் 'அ' சரியான இடத்தில் இருந்தது. பிள்ளைகளே, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நான் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். நேற்றுப் படித்ததை இன்றே பாவித்துவிட்டார்கள் என்று அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டேன். உண்மையாகவே அவர்களுக்குத் தலையிடித்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை.

புதன்கிழமை பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் தண்ணீர் கோடு கோடாக வடிந்துகொண்டிருந்தது. பத்தரை மணிபோலத் திருமதி லின் தலையை மேசையில் வைத்துக்கொண்டார். குவோ ஐயா அவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னிடம் அனுமதி கேளாமல் எழுந்து வெளியே போனார். கழிவறைக்குப் போகும் வழியில், கட்டடத்தைச் சூடாக்குகிற ஹீற்றரின் அறை இருக்கிறது. ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"டீச்சர். ஐ ஜஸ்ட்…"

அதோடு நிறுத்திவிட்டார். நான் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, மிச்ச வசனத்துக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தவுடன் அவர் ஆங்கிலத்தைக் கைவிட்டார். வகுப்பின் பக்கம் திரும்பி, சீனத்தில் நாலைந்து சொற்கள் உரத்துச் சொன்னார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. கதிரைகள் எல்லாம் ஒன்றாகப் பின்னால் போயின. ஒருவரும் குளிர்க் கோட்டை எடுக்கவில்லை, கொப்பியை எடுக்கவில்லை. இரண்டு பேர் திருமதி லின்னைத் தோளில் தாங்கிக்கொண்டு படிப்பக்கம் போனார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சிட் டவுன், ப்ளீஸ்."

என் படிப்பித்தல் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரும் என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு கையால் தாள் வாங்குகிற குவோ ஐயா என் கையிலிருந்த பேனையைப் பிடுங்கி மேசையில் வைத்தார். என் சட்டைக் கையைப் பிடித்துப் படிவரை இழுத்துக்கொண்டு போனார். பாதிப் படியில் நின்று என் நெற்றியைக் காட்டி, "ஹெடேக்? யூ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது.

"எவ்ரிபடி," என்றார். பிறகு ஹீற்றர் அறைப் பக்கம் விரலை நீட்டினார். "ஃபயர் யெல்லோ. பேட். பீப்பிள் டை."

அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட ஆகத் திருத்தமான ஆங்கிலம் அதுதான். ஹீற்றர் சரியாக எரியாவிட்டால் வருகிற அந்த நச்சு வாயுவின் பெயர் அவருக்குச் சீனத்தில் தெரியும், எனக்கு ஆங்கிலத்தில் தெரியும். நிறமில்லை, மணமில்லை, முதலில் தலையிடிக்கும், பிறகு நித்திரை வரும், பிறகு எழும்பமாட்டோம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எத்தனையோ தரம் கேட்ட விசயம். அந்தத் தலையிடியைத்தான் திங்கட்கிழமை நான் பதினேழு பேரை வைத்துப் பாடமாகச் சொல்லவைத்திருக்கிறேன்.

படியேறி வாசலுக்கு வந்தால், மேல்மாடிக்குப் போகும் படிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. புதன்கிழமைகளில் தாய்மார் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு விளையாட வருகிற நாள். வாசலில் யோகன் நின்றார். கட்டடத்தைப் பராமரிக்கிற நம்முடைய பிள்ளை, மன்னார்க்காரர். கையில், வழுக்காமல் பனியில் தூவுகிற உப்பு வாளி.

"என்ன ரீச்சர், எல்லாரும் கோட்டும் இல்லாமல் ஓடுகினம்? ஃபயர் ட்ரில்லோ?"

"யோகன், ஹீற்றரில பிழை. மேல நிக்கிற பிள்ளையளை வெளிய எடுக்கவேணும்."

"உந்தக் குளிருக்கயோ? மைனஸ் பதினஞ்சு. பொறுங்கோ, நான் கீழ போய் ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"கீழ போகாதையும்."

"இல்லை ரீச்சர், இவர் குவோ அங்கிள் திங்கக்கிழமையும் என்னட்டை வந்தவர். ஜஸ்ட் ஸ்மோல் ப்ரொப்ளம் எண்டவர். நேற்றும் வந்து அதையேதான் சொன்னவர். சின்னப் பிரச்சினைதானே எண்டு வெள்ளிக்கிழமை லிஸ்ற்றில போட்டனான்."

அந்த வாசலில் நான் நின்றது ஒரு நாலு வினாடி இருக்கும். உங்களுக்கு நான் எழுத விரும்புவது அந்த நாலு வினாடியைப் பற்றித்தான். நான் நினைத்தது பிழையென்றால் ஒன்பது குழந்தைகள் குளிரில் நடுங்கும், தாய்மார் முறைப்பாடு எழுதுவார்கள், ஒரு மாணவர் சொன்னதைக் கேட்டுக் கட்டடத்தையே காலியாக்கிய ஆசிரியை என்று அலுவலகம் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நான் பயந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குவோ ஐயாவின் ஆங்கிலம் ஐந்து வயதுப் பிள்ளையின் ஆங்கிலம். அதனால் அவர் சொன்னதையும் ஐந்து வயதுப் பிள்ளை சொன்னதாகத்தான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறேன். அவர் கொதிகலனோடு முப்பது வருடம் வாழ்ந்தவர்.

"யோகன், அந்த மனுசன் முப்பது வருசம் பொயிலர் பாத்தவர். நீரும் நானும் எத்தினை பொயிலர் பாத்தனாங்கள்?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப மேல ஓடும்."

யோகன் வாளியை எறிந்துவிட்டு ஓடினார். ஓடும்போதே சுவரில் இருந்த சிவப்புப் பிடியை இழுத்தார், மணி அலறத் தொடங்கியது. நான் வெளியே வந்து, விறைத்த விரலால் தொலைபேசியில் அவசர இலக்கத்தை அழுத்தினேன். ஒரு பெண் குரல், தீயணைப்பா, பொலிஸா, அம்புலன்ஸா என்று கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

"ஹலோ, ஐ ஆம் ஜஸ்ட் கோலிங் டு…"

எனக்கு என்மேலேயே வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பக்கத்தில் குவோ ஐயா கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை எடுத்துத் திரும்பத் தொடங்கினேன். கட்டடத்துக்குள் நச்சு வாயு இருக்கிறது. ஆட்கள் மயங்குகிறார்கள். குழந்தைகள் இருக்கிறார்கள். உடனே வாருங்கள். தளபாடக் கடையில் இருந்தபோது பேசிய அதே பொலிஸ்காரி ஆங்கிலம். அந்தப் பெண் முகவரியை மட்டும் கேட்டார்.

வாகனத் தரிப்பிடத்துக்கு அந்தப் பக்கம் நம்முடைய சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது. குழந்தைகளைப் போர்வையிலும் தாய்மாரின் கோட்டிலும் சுற்றிக்கொண்டு எல்லோரும் அதற்குள் புகுந்தோம். பதினான்கு சீனர்கள், ஒன்பது குழந்தைகள், ஏழு தாய்மார், யோகன், நான். கடைக்காரப் பெண் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"இருங்கோ, எல்லாரும் இருங்கோ. முதல் தேத்தண்ணி போடுறன், பிறகு கதையைச் சொல்லுங்கோ," என்றார்.

தீயணைப்பு வீரர்கள் வாசலில் கால் வைத்தவுடனேயே அவர்களின் கையிலிருந்த கருவி கத்தியது. பின்னால் போய்ப் பார்த்தால், ஹீற்றர் புகை வெளியே போகிற குழாயைப் பனிக்குவியல் முழுதாக மூடியிருந்தது. வாயுவைக் கண்டுபிடித்து ஒலிக்க வேண்டிய பெட்டி, மின்கலம் தீர்ந்து கீச்சிடுகிறது என்று யாரோ கழற்றிப் போட்டதில் சமையலறை இழுப்பறைக்குள் கிடந்தது. யார் கழற்றியது என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. திருமதி லின்னையும் இன்னொருவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் பிராணவாயு கொடுத்தார்கள். வீட்டில் தலையிடியோடு படுத்திருந்த மூன்று பேரையும் அழைத்து விசாரித்தோம், அவர்களுக்குச் சுகமாகியிருந்தது. பின்னேரம் நான் பார்க்கப் போனபோது திருமதி லின் கட்டிலில் இருந்தபடி, வைத்தியசாலைச் சோறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால், கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தீயணைப்பு அதிகாரி உள்ளே வந்து, இன்னும் ஒரு மணி நேரம் நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்று தொடங்கினார். ஒரு தாயின் மடியில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை முடிக்கவில்லை. முதலில் கவனித்தது யார் என்று கேட்டார். எல்லோரும் குவோ ஐயாவைப் பார்த்தார்கள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். வழக்கம்போல என்னைப் பார்த்தார், நான் ஏதாவது திருத்துவேன் என்று.

நான் எழுந்தேன். இவர் திங்கட்கிழமையே சொன்னார், நான் அவருடைய வசனத்தைத் திருத்திவிட்டு உட்காரச் சொன்னேன் என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஒரு மெல்லிய சொல்லும் சேர்க்காமல். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அழுத முகத்தோடு குவோ ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டி, "நோ, நோ, டீச்சர் குட்," என்றார். யோகனும் பக்கத்தில் வந்து, "நானும்தான் ரீச்சர், ரெண்டு தரம் வந்தவர்," என்றார். பிறகு குவோ ஐயாவின் தட்டில் இன்னொரு ஆட்டிறைச்சி ரோல்ஸை வைத்தார். அவருக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

அடுத்த கிழமை எங்களுக்கு நூலகத்தில் ஓர் அறை தற்காலிகமாகக் கிடைத்தது. முதல் மணித்தியாலத்தைக் குவோ ஐயாவிடம் விட்டுவிட்டு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் பலகையில் ஒரு கொதிகலனைக் கீறினார். நீலச் சுவாலை நல்லது, மஞ்சள் சுவாலை கெட்டது, ஜன்னல் ஏன் வியர்க்கும், தலை ஏன் இடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பாதி ஆங்கிலம், பாதி சீனம், மிச்சம் கை. எனக்கு எல்லாம் விளங்கியது. நான் கொப்பியில் மூன்று பத்தி கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது மணித்தியாலம் நான் பலகையில் வேறு வசனங்களை எழுதினேன். ஏதோ பிழை. வெளியே போங்கள். உடனே வாருங்கள். ஆபத்து வந்தால் ஜஸ்ட்டும் வேண்டாம், லிட்டிலும் வேண்டாம், என்னைப் பார்த்துக் கத்துங்கள் என்றேன். ஒருவராலும் முடியவில்லை. டீச்சரைப் பார்த்து எப்படிக் கத்துவது? கெட் அவுட் என்று வாயசைத்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள். ஒருவர் கெட் அவுட் சொல்லிவிட்டுக் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டார். கடைசியில் திருமதி லின் எழுந்து, வைத்தியசாலைச் சோற்றை நினைத்தாரோ என்னவோ, ஒரு சத்தம் போட்டார். அவரைப் பின்பற்றி முழு வகுப்பும் என்னைப் பார்த்துக் கெட் அவுட் என்று கத்தியது. கதவு திறந்தது. நூலகப் பெண் வெளிறிப்போய் நின்று, எல்லாம் சரிதானா என்று கேட்டார்.

திருமதி லின் அவரைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார். "வீ ஆர் ஜஸ்ட் ப்ராக்டிசிங்," என்றார். அந்தப் பெண்ணின் முகம் இளகியது.

ஆகவே அந்தச் சொல்லைப் படிப்பிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல சொல், என் பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கித் தந்த சொல். என்னை ஒரு தொலைபேசி மேசையில் காப்பாற்றியது என்பதற்காக எல்லாருடைய வாயிலும் எல்லா நேரமும் அதைத் திணித்தேன் பாருங்கள், அதுதான் பிழை. எங்கே வேண்டாம் என்பதையும் அதே நாளில் சொல்லிக் கொடுங்கள். அதைவிடப் பெரிய பிழை, வசனத்தைக் கேட்டேன், சொன்ன மனிதரைக் கேட்கவில்லை. பிழை திருத்துவது நமக்குக் கைப்பழக்கமாகிவிடும், அதுதான் இந்தத் தொழிலின் ஆபத்து. அதற்குப் பிறகு நான் எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மாணவர் ஒன்று சொன்னால், அவர் சொன்ன விசயத்துக்கு முதலில் பதில் சொல்லவேண்டும். அதுவரை பேனையின் மூடியைக் கழற்றக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை மறந்தாலும் பரவாயில்லை.

போன வருடம் நான் ஓய்வு பெற்ற நாளில் பழைய மாணவர்கள் அந்தச் சாப்பாட்டுக் கடையிலேயே விருந்து வைத்தார்கள். யோகனும் வந்திருந்தார். இப்போது அவர் பார்க்கிற கட்டடத்தில் ஒவ்வொரு பனிக்குப் பிறகும் முதலில் பின்சுவரைத்தான் போய்ப் பார்க்கிறாராம். "குவோ அங்கிள் போன் எடுத்துக் கேக்கிறவர் ரீச்சர், பாத்தனீரோ எண்டு. என்ன செய்யிறது," என்று அலுத்துக்கொண்டார்.

குவோ ஐயா எழுந்து வந்து, இரண்டு கையாலும் ஒரு பொதியை நீட்டினார். நானும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினேன். பிரித்தால், உள்ளே நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கிற பெட்டி, புத்தம் புதிது. இப்போது அது எங்கள் நடைவழியில் பச்சை விளக்கோடு தொங்குகிறது, கீச்சிட்டால் வீட்டுக்காரர்தான் முதலில் மின்கலம் வாங்க ஓடுகிறார். பெட்டிக்குமேல் ஒரு வாழ்த்து மட்டை ஒட்டியிருந்தது. நீல மையில், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தார். ஜஸ்ட் லிட்டில் கிஃப்ட்.

'அ' இல்லை. என் கை பழக்கதோசத்தில் கைப்பைக்குள் போய்ப் பேனையைத் தேடி எடுத்துவிட்டது. குவோ ஐயா அதைக் கண்டுவிட்டார், காத்துக்கொண்டு நின்றார்.

"தாங்க் யூ, மிஸ்டர் குவோ," என்றேன். மூடியைக் கழற்றவில்லை.